வெளியூர் போகாத அம்மா

என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதலில் வந்தவர் பல் மருத்துவர். ஆறு வெள்ளைக் கோட்டுகளைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "என்ன, தம்பி சம்சாரத்தை ரொம்ப நாளாக் காணோமே?" என்றார்.

"வேலை மாத்தலாகி வெளியூர் போயிருக்கு" என்றேன்.

நாக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோட்டுகளை எண்ணிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று அதை நான் பொய்யாக நினைக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்துவது போல ஒரு காரியம், அவ்வளவுதான். நாற்பத்தோரு வருடமாகச் சலவைக் கடை நடத்துகிறேன். எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பது வருகிற விரிப்புகளின் எண்ணிக்கையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இந்தத் தொழிலின் மரியாதையே அதில்தான் இருக்கிறது. ஊராருக்குச் செய்த மரியாதையை என் குடும்பத்துக்கும் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அப்பா இறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு ஐந்து. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் தகப்பன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை. தம்பியின் மகள்தான் எங்கள் வீட்டின் ஒரே குழந்தை. இப்போது ஏழு வயது. காதோரம் வந்து ஓயாமல் ரீங்காரம் செய்வதால் என் மனைவி அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தாள். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

தம்பி என்னோடு கடையில்தான் வேலை செய்கிறான். குடி இல்லை, கை நீட்டும் பழக்கம் இல்லை. அவன் மனைவியிடமும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் இருக்கும் அறையில் மற்றவருக்கு மூச்சு முட்டியது. அதை ஒரு காரணமாக நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நீதிபதி ஒப்புக்கொண்டார்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு மாடிவீட்டுக்குக் குடிபோனாள். வாரநாட்களில் குழந்தை அவளிடம். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு மாலை வரை எங்களிடம். இப்படித்தான் தீர்ப்பாயிற்று.

சனிக்கிழமைகளில் கொசு என்னோடு கடைக்கு வருவாள். உயரமான முக்காலியில் உட்கார்ந்து சீட்டுகளில் ஊசி குத்தித் தருவாள். அப்படி உட்கார்ந்திருந்த முதல் சனிக்கிழமை, தங்கும் விடுதியின் மேலாளர் விரிப்பு மூட்டையோடு வந்து, "பாப்பா, அம்மா எங்கே?" என்று கேட்டார். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. அம்மா வெளியூர்ல."

"அம்மா வெளியூர்ல இருக்காங்க" என்றாள்.

அடுத்த வாரம் நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் அவளாகவே, "அங்க ரொம்பக் குளிராம், ஸ்வெட்டர் போட்டுக்கறாங்களாம்" என்று சேர்த்துக்கொண்டாள். வீட்டு மானத்தை இந்த வயதில் காப்பாற்றத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை. முதுகில் தட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பும் காரியங்கள் சில உண்டு. அந்தத் தட்டு அவற்றில் முதலாவது.

என் மனைவிதான் பிடித்துக்கொண்டாள். "குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுக்கறீங்க?"

"நம்ம விஷயம் தெருவுக்கு வரக்கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கறேன்."

"ஊர்த் துணிக்கு இஸ்திரி போடறது போதாதா? இப்ப பொய்க்கும் மடிப்புக் கலையாம போட ஆரம்பிச்சாச்சா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, எனக்கு என்ன புரியும். முப்பத்தஞ்சு வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன், அதுவே புரியலை."

இப்படியே மூன்று மாதம் ஓடிற்று.

ஒரு வியாழக்கிழமை நண்பகல், கடையில் கூட்டமில்லாத நேரம், குழந்தையின் அம்மா வந்தாள். உள்ளே வரவில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "சார், அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றாள்.

குழந்தை பிறந்த நாளிலிருந்து அவளும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். இப்போது சார்.

"சொல்லு."

"நேத்து எனக்கு மத்தியானமே வேலை முடிஞ்சுது. வழக்கமா பக்கத்து வீட்டு அம்மா கூட்டிட்டு வர்ற குழந்தையை நானே கூட்டிட்டு வரலாம்னு ஸ்கூல் வாசலுக்குப் போனேன். சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்." குரல் சரியாகத்தான் இருந்தது. கைதான் கவுன்டரின் விளிம்பைப் பிடித்திருந்தது. "கூட ரெண்டு பிள்ளைங்களோட வெளியே வந்தா. என்னைப் பாத்தா. பாத்துட்டு, யாரோ மாதிரி தாண்டிப் போயிட்டா."

"கவனிச்சிருக்க மாட்டா."

"கவனிச்சா சார். நான் பின்னாடியே போனேன். திரும்பாமலே ரகசியமா சொல்றா, 'அம்மா, கொஞ்சம் தள்ளி வா. நீ ஊர்ல இல்லைன்னு பெரியப்பா சொல்லியிருக்காங்க. யாராச்சும் பாத்துட்டா பெரியப்பாவுக்கு அசிங்கம்.' ரெண்டு தெரு, சார். ரெண்டு தெரு பத்தடி முன்னாடி அவ தனியா நடக்கறா, ரோட்டைத் தனியா தாண்டறா, நான் பின்னாடி வரேன். வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்தின அப்புறம்தான் என்னைக் கட்டிப் பிடிச்சா."

உள்ளே தம்பி நீராவி இஸ்திரியை நிறுத்திவிட்டான். புஸ் என்ற சத்தம் அடங்கி கடை அமைதியாயிற்று.

"எங்க கம்பெனி வெளியூர்ல ஒரு கிளை திறக்கறாங்க" என்று அவள் தொடர்ந்தாள். "பொறுப்பா என்னைக் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல இருந்தேன். இப்ப யோசிக்கறேன். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். வெளியூர்ல இருந்தா, குழந்தை யார் முன்னாடியும் பொய் சொல்ல வேண்டாம் பாருங்க."

"குழந்தையை எங்ககிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டுபோறது நியாயமா?"

"நான் எங்கேயும் போகலையே, சார். நீங்கதான் மூணு மாசம் முன்னாடியே என்னை ஊரை விட்டு அனுப்பிட்டீங்க."

நீதிமன்றத்து ஆலோசகர் மறுநாள் பத்து மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருப்பதாகவும், என்னையும் சேர்த்துத்தான் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தம்பி பக்கம் திரும்பினேன். "நீ சம்மதிக்காம அவ கொண்டுபோக முடியாது. சட்டம் அப்படித்தான். முடியாதுன்னு சொல்லிடு."

அவன் என்னை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். இஸ்திரி மேசையிலிருந்த சட்டைக் கையை நீவிக்கொண்டே சொன்னான்: "கேட்டா நான் கையெழுத்துப் போட்டுடுவேன் அண்ணே."

"என்னடா சொல்றே?"

"வாரம் ரெண்டு நாள் எனக்கு அவ முகத்தைப் பாக்கணும்தான். அதுக்காக என் பொண்ணு அவ அம்மாவைத் தெருவுல தெரியாத மாதிரி நடக்கணுமா? வேண்டாம்ணே." பிறகு, "என் மேலயும் தப்பு இருக்கு. நீங்க சொல்லிக் கொடுத்தப்ப நானும் இங்கதானே நின்னுட்டிருந்தேன்" என்றான்.

ஆலோசகரின் அறை நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான்கு நாற்காலிகள், ஓரத்தில் முழங்கால் உயரத்தில் சிறிய நாற்காலி ஒன்று. ஆலோசகர் அம்மாளுக்கு நல்ல ஜலதோஷம். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதலில் தம்பியையும் அவளையும் குழந்தையோடு உள்ளறைக்கு அழைத்துப் போனார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. கதவிடுக்கு வழியாகத் தம்பியின் குரலும் அவள் குரலும் மாறி மாறி ஒரே வார்த்தைகளைச் சொல்வது கேட்டது: அப்பாவும் அம்மாவும் இனிமேல் தனித்தனி வீட்டில்தான் இருப்போம். அது உன்னால் இல்லை. இரண்டு வீடும் உன் வீடு. கொசு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்ப பெரியப்பாவுக்கு இது தெரியுமா?"

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"எங்க குடும்பத்துல கோர்ட் படி ஏறினவங்க கிடையாதும்மா" என்று நான் ஆரம்பித்தேன். "நாலு பேர் நாலு விதமா பேசக்கூடாதேன்னுதான்."

"உங்க எண்ணத்தைத் தப்புச் சொல்லலை ஐயா." தும்மினார். "மன்னிச்சுக்கோங்க. குடும்ப மானம் பெரிய விஷயம்தான். ஆனா அதை யார் தலையில ஏத்தி வெச்சிருக்கீங்க? இருபது கிலோகூட இருக்காது அந்தக் குழந்தை."

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியூர்னு எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

எண்ணிப் பார்த்தேன். கடைக்காரனுக்கு ஞாபகம் பழுதில்லை. "இருபத்திமூணு."

"அந்த இருபத்திமூணு பேர்கிட்டயும் நீங்களே போய் மாத்திச் சொல்லணும். குழந்தை பக்கத்துல நிக்கட்டும். அவ வாயைத் திறக்க வேண்டாம், மன்னிப்புக் கேக்க வேண்டாம். அவ பொய் சொன்னதா அவளுக்குத் தோணவே கூடாது. பெரியவங்க சொன்னதைப் பெரியவங்களே திருத்தறாங்கன்னு அவ கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்."

"இருபத்திமூணு வாசல்லயா?"

"வேணும்னா லெட்டர் போடுங்களேன்" என்றார், சிரிக்காமல்.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள், "என்ன சொன்னாங்க?" சொன்னேன். "நல்ல பொம்பளை. ஜலதோஷத்துக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தனுப்பலாமான்னு பாக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை துணி பட்டுவாடா செய்வது தம்பியின் வேலை. அன்று வேன் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். முன் இருக்கையில் கொசு. முழங்காலின் மேல் பட்டியலை வைத்துக்கொண்டு, போகவேண்டிய வீடுகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் வாசலை ஒரு முறை தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பினேன். ஒத்துக்கொள்கிறேன்.

முதல் வாசல் பல் மருத்துவர். கோட்டுகளை நீட்டிக்கொண்டே சொன்னேன்: "டாக்டர், அன்னிக்கு உங்ககிட்ட தம்பி மனைவி வெளியூர்னு சொன்னேன். அது சரியில்லை. ரெண்டு பேரும் விவாகரத்து வாங்கிட்டாங்க. அவங்க இதே ஊர்லதான் இருக்காங்க."

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"நீங்க சொன்ன மறுவாரத்துல இருந்து எங்க கிளினிக்குக்கு எதிர் பஸ் ஸ்டாப்புலதானே தினமும் நிக்கறாங்க."

"அப்புறம் ஏன் மூணு மாசமா தலையாட்டிட்டிருந்தீங்க?"

"என் கோட்டுல எத்தனை எத்தனை கறை பாத்திருக்கீங்க. எப்படி வந்துதுன்னு ஒருநாள் கேட்டிருப்பீங்களா? அந்த மரியாதைதான்." குனிந்து கொசுவைப் பார்த்தார். "பாப்பா, பல்லு காட்டு. ஓ, ரெண்டு விழுந்தாச்சா!"

ஏழாவது வாசலுக்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்துக் கடைக்காரர், "போன தடவையே கேக்கணும்னு இருந்தேன், நீங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன்" என்றார். தையல்காரரின் மனைவி, "அய்ய, இதுக்கா இவ்வளவு வேர்க்குது உங்களுக்கு, ஃபேனைப் போடறேன் இருங்க" என்றாள். ஊருக்கே தெரிந்ததை ஊருக்கே மறைத்துவிட்டதாக நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று மாதம் என் எதிரில் அத்தனை பேரும் முகம் மாறாமல் நின்றிருக்கிறார்கள். கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

தங்கும் விடுதி மேலாளர் கொஞ்சம் வாயாடி. "எனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணினதே அவங்கதானே, போன மாசம்!" என்று சிரித்துவிட்டுக் குழந்தையிடம், "ஆமா, ரொம்பக் குளிருதுன்னு சொன்னியே, எங்கே குளிரு?" என்றார்.

கொசுவின் காது சிவந்தது. பட்டியலை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள்.

"அது நான் சொல்லிக் கொடுத்தது" என்றேன். "குளிர், ஸ்வெட்டர், எல்லாம் நான்தான்."

பட்டியல் மெல்ல இறங்கியது. அந்த ஸ்வெட்டர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேனில் ஏறிய பிறகு அவள் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விடுதியின் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டாள்.

இருபத்திரண்டாவது வாசல்தான் நான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தது. மரச்சாமான் கடைக்காரரின் வீடு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகள் கணவனை விட்டு வந்தபோது, வியாபாரிகள் சங்கத்தில் மூத்தவன் என்று என்னைச் சமரசம் பேசிவைக்கச் சொல்லி அவர் வீட்டுக்கு அழைத்தார். போனேன். நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வீடா இருந்தா இது வாசப்படி தாண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பிறகும் துணி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எங்களுக்குள் பேச்சு என்பது எத்தனை உருப்படி என்பதோடு சரி.

மணியடித்தேன். அந்த மகளே கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

"அப்பா ஊர்ல இல்லை" என்றாள். "எத்தனை உருப்படி?"

"பதினாலு." மூட்டையை நான் கொடுக்கவில்லை. "உன்கிட்டயே சொல்லணும்மா. என் தம்பிக்கு விவாகரத்து ஆயிடுச்சு. வெளியூர்னு உங்க அப்பாகிட்ட சொன்னேன், அது பொய்." இங்கே மட்டும் அது போதாது என்று தெரிந்தது. "பன்னெண்டு வருஷம் முன்னாடி இந்தக் கூடத்துல ஒண்ணு சொன்னேன். அதுவும் தப்பு."

கதவில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சுருக்கென்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழந்தைக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பல் தேய்க்கற பிரஷ் எங்க வெச்சிருக்கே?"

"பையில" என்றாள் கொசு. "வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வருவேன், ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போவேன்."

"அந்த வேலையே வேண்டாம். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு. செருப்பும் அப்படியே. என் பொண்ணு முதல்ல கேட்டது அதைத்தான். பையைத் தூக்கிட்டு அலைஞ்சா விருந்தாளி மாதிரி இருக்கும்."

"உங்க பொண்ணுக்கும் ரெண்டு வீடா?"

"ம். இப்ப காலேஜ் போறா. ரெண்டு வீட்டுலயும் சண்டை போடறா."

கொசு சிரித்தாள். நான் மூட்டையைக் கொடுத்தேன். "உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண், என் முகத்தைப் பார்க்காமல். போய்க் குடித்தோம்.

அன்றே இரண்டு பிரஷ் வாங்கினோம். ஞாயிறு மாலை குழந்தையின் அம்மா வந்து அவளை அழைத்துப் போனபோது வழக்கம்போல வாசலுக்கு வெளியேதான் நின்றாள். சனிக்கிழமை நடந்ததை நான் சொல்லவில்லை. கொசு வழியிலேயே சொல்லத் தொடங்கியது எனக்குக் கேட்டது. வேலையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இருபத்திமூன்றாவது ஆள் கொசுவின் வகுப்பாசிரியை. திங்கட்கிழமை கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஆசிரியர் அறையில் அவரைப் பார்த்துச் சொன்னேன். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அவருக்கு மட்டும் உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. "அம்மாவுக்குக் கடிதம் எழுதற பாடத்துல, இவ மட்டும் எந்த ஊர் விலாசம் போடறதுன்னு கேட்டுட்டு எழுதாமலே உக்காந்திருந்தா."

வாசலுக்கு வந்தேன். எதிர்ப்புறம் கொசுவின் அம்மா நின்றிருந்தாள், வேலைச் சீருடையோடு. அவளும் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். மணி அடித்தது.

பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நடுவில் கொசு, தையல்காரரின் மகளோடும் இன்னும் இரண்டு பேரோடும். வாசலில் தாய்மார்கள், வேன் ஓட்டுநர்கள், காவலாளி, அத்தனை பேர். அம்மாவைப் பார்த்தாள். நின்றாள். பின் தோளிலிருந்த பையைக் கழற்றிக்கொண்டு நேராக அவளை நோக்கி நடந்தாள், முகமெல்லாம் கடுகடுப்பாக.

"அம்மா! தண்ணி பாட்டில் மூடி சரியாவே போடலை நீ! கணக்கு நோட்டு, ட்ராயிங் நோட்டு எல்லாம் நனைஞ்சு போச்சு! டீச்சர் என்னைத்தான் திட்டினாங்க!"

"நீதானே மூடினே, காலையில?"

"இல்ல, நீதான்! எப்பவும் நீதான் இப்படிப் பண்றே!"

தெரு முழுவதும் கேட்டது. இரண்டு தாய்மார்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்துப் பிள்ளை நடுத்தெருவில் தாயை இப்படி அதட்டுவதை வேறு ஒரு நாளில் நான் சகித்திருக்க மாட்டேன். அன்று இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தமாட்டாளா என்றிருந்தது.

அவள் நனைந்த நோட்டுகளை வெளியே எடுத்து உதறினாள். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்குவது சிரிப்பாலா அழுகையாலா என்று அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கத்துவதை நிறுத்திவிட்டு, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

சாலையைத் தாண்டிப் போனேன்.

"ஆபீஸ்ல பதில் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"காலையிலயே சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாரையாவது அனுப்பிக்கச் சொல்லிட்டேன்."

நான் கையை நீட்டி நனைந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டேன். "கொடு, கடையில காய வெச்சுத் தரேன். பக்கம் ஒட்டாம எடுக்கத் தெரியும்."

"நாளைக்கு ஸ்கூலுக்கு வேணும்" என்றாள் கொசு.

"காலையில ஏழு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல இருக்கும்."

அவள், குழந்தையின் அம்மா, ஒரு கணம் யோசித்தாள். "வாசல்ல எதுக்கு, மேலயே வாங்க" என்றாள். "படிதான் கொஞ்சம் செங்குத்து. பிடிச்சுக்கிட்டு ஏறுங்க."